ப்ரோஷரை ஆபீசிலேயே அச்சிடலாமா, அச்சகத்தில் கொடுக்கலாமா? கணக்கு மாறும் இடங்கள்

சிறு தொழில் நடத்துபவர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி வரும். புதிய பொருள் சந்தைக்கு வருகிறது, அடுத்த மாதம் கோவை கொடிசியாவில் கண்காட்சி, வருகிறவர்கள் கையில் கொடுக்க மூன்றாக மடித்த ஒரு தாள் வேண்டும். அச்சகத்தில் விசாரித்தால் ஆயிரத்துக்குக் குறைந்து போட்டால் கட்டுப்படியாகாது என்கிறார்கள். தேவையோ இருநூறு, முந்நூறு. ஆபீஸ் மூலையில் கலர் பிரிண்டர் ஒன்று சும்மா நிற்கிறது. நாமே போட்டுக்கொண்டால் என்ன?

சில சமயம் அதுவே சரியான முடிவு. ஆனால் பெரும்பாலானோர் ‘ஒரு தாளுக்கு எவ்வளவு ஆகும்’ என்ற ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்கிறார்கள். அச்சகம் சொல்லும் தாள் விலை, அதிகம் போட்டால்தான் குறையும். பிரிண்டர் கம்பெனி சொல்லும் தாள் விலை, படமே இல்லாத கடிதத்துக்குத்தான் பொருந்தும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்தத் தாளில் உள்ள தகவல் மாறுவதற்குள் எத்தனை பிரதி உண்மையில் கைமாறும்? இதற்குப் பதில் தெரிந்தால் மற்றவை வரிசையாகத் தெளிவாகும்.

அச்சிட மூன்று வழிகள்

1. ஆஃப்செட். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அலுமினிய ப்ளேட் தயாராகும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று மல்டிகலருக்கு நான்கு. ப்ளேட்டில் உள்ள உருவம் ரப்பர் பிளாங்கெட்டில் பதிந்து, அதிலிருந்து காகிதத்துக்கு வருகிறது. ப்ளேட், மெஷினை நிறுத்திச் சரிசெய்யும் நேரம், நிறம் நிலைக்கும் வரை வீணாகும் தாள்கள் என எல்லாமே முதல் நல்ல பிரதி வருவதற்குள் செலவாகிவிடும். அதன்பிறகு ஓடும் ஒவ்வொரு தாளுக்கும் காகிதமும் கொஞ்சம் மையும்தான். நூறு போட்டாலும் ஐயாயிரம் போட்டாலும் தொடக்கச் செலவு ஒன்றே என்பதால்தான் அச்சகம் ஆயிரத்தில் பேச்சைத் தொடங்குகிறது.

2. டிஜிட்டல் பிரஸ். ஜெராக்ஸ், கொனிகா மினோல்டா போன்ற பெரிய டோனர் மெஷின்கள் வைத்திருக்கும் கடைகள் இப்போது எல்லா நகரங்களிலும் உள்ளன. ப்ளேட் கிடையாது, ஃபைல் நேராக மெஷினுக்குப் போகிறது. 12×18 அல்லது 13×19 அங்குலத் தாளில் இரண்டு ஏ4 அடங்கும். ஒரு தாளுக்கு ஆகும் விலை ஆஃப்செட்டைவிடக் கூடுதல். ஆனால் ஐம்பது வேண்டுமானால் ஐம்பதுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும்.

3. ஆபீஸ் பிரிண்டர். இதில் லேசர், இங்க் டேங்க் என்று இரண்டு உண்டு. லேசர், டோனர் தூளைச் சூட்டில் உருக்கிக் காகிதத்தில் ஒட்டுகிறது. இங்க் டேங்க், திரவ மையைத் தெளிக்கிறது. ப்ரோஷர் விஷயத்தில் இந்த வேறுபாடு மிக முக்கியம்.

ஆஃப்செட்டில் செலவைக் குறைக்கும் முறை ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏ4 ப்ரோஷரின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாக அச்சிட்டால் எட்டு ப்ளேட் வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து ஒரே ப்ளேட்டில் வைத்து, ஒரு புறம் ஓட்டி, தாளைத் திருப்பி அதே ப்ளேட்டில் மறுபுறம் ஓட்டி, நடுவில் வெட்டினால் நான்கே போதும். 500 பெரிய தாளில் 1,000 ப்ரோஷர் வந்துவிடும். இதற்கு ‘வொர்க் அண்ட் டர்ன்’ என்று பெயர். விலை கேட்கும்போது இந்த முறையில்தான் கணக்குப் போட்டார்களா என்று கேட்பதில் தவறில்லை.

காகிதம் பற்றிக் கொஞ்சம்

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் பேப்பர் ஒரு தாள் 5 கிராம், 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், அதாவது பூச்சு பூசிய வழவழப்பான தாள், ஏறத்தாழ 8 கிராம். ஆயிரம் ப்ரோஷர் 8 கிலோவைத் தாண்டும். வெளியூர் அச்சகத்தில் கொடுத்தால் லாரி அல்லது கூரியர் செலவையும் இதை வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்ட் பேப்பரின் மேல்பூச்சு ஆஃப்செட் மைக்காக அமைந்தது. சாதாரண இங்க் டேங்க் பிரிண்டரில் அதைக் கொடுத்தால் மை உள்ளே இறங்காமல் மேலேயே நின்று, விரல் பட்டதும் இழுபடும். இங்க் டேங்க் போல மையைத் தெளிக்கும் இங்க்ஜெட் பிரிண்டர்களுக்கென்றே பூச்சு பூசிய, இரண்டு பக்கமும் அச்சிடக்கூடிய மேட் தாள் வேண்டும். அதன் விலை அதிகம். லேசர் மெஷினில் வேறு சிக்கல். டோனரை உருக்கி ஒட்டும் பாகமான ஃப்யூசரின் சூடு 200 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். லேசருக்கு ஏற்றதல்லாத பூச்சுத் தாள் அந்தச் சூட்டில் கொப்பளிக்கலாம், சுருளலாம். பிரிண்டர் வாங்குமுன் அது ஏற்கும் அதிகபட்ச ஜிஎஸ்எம்மைப் பார்க்கும்போது, தானாக இருபக்கமும் அச்சிடும்போது ஏற்கும் ஜிஎஸ்எம்மையும் தனியாகப் பாருங்கள். பல மாடல்களில் இரண்டாவது எண் குறைவு.

ஐந்து சதவீதம் என்னும் எண்

ஆபீசில் அச்சிடுவோரின் பட்ஜெட்டை உடைப்பது பெரும்பாலும் இதுதான்.

டோனர் பெட்டியில் ‘2,000 பக்கம்’ என்று போட்டிருக்கும். அது பொய்யில்லை. ஐஎஸ்ஓ 19752 என்ற தரம் கறுப்பு டோனருக்கும், 19798 கலர் டோனருக்கும், சோதனைப் பக்கங்களை அச்சிட்டு அளக்கும் முறையை வகுக்கின்றன. அந்தப் பக்கங்களில் ஒவ்வொரு நிறமும் ஏறத்தாழ 5 சதவீதப் பரப்பைத்தான் மூடும். சாதாரண அலுவலகக் கடிதம் அந்த அளவில்தான் இருக்கும்.

ப்ரோஷர் அப்படி இருக்காது. பின்னணியில் நிறம், பக்கத்தில் பாதிக்குப் படம், தடித்த தலைப்பு. ஒவ்வொரு நிறமும் 20 சதவீதத்தை மூடுவது சர்வசாதாரணம். 2,000 பக்கம் வர வேண்டிய டோனர் 500 பக்கத்தில் தீரும். ப்ரோஷருக்கு இரண்டு பக்கம், ஆக 250 ப்ரோஷர்.

கணக்கு புரிவதற்காக, நான்கு டோனரும் சேர்ந்து 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் உள்ளபடி பக்கத்துக்கு 8 ரூபாய். நடைமுறையில் 32 ரூபாய். ஒரு ப்ரோஷருக்கு டோனர் மட்டுமே 64 ரூபாய்! காகிதம் இன்னும் சேர்க்கவில்லை. சிறிய கலர் லேசரை ப்ரோஷருக்காக வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இங்க் டேங்க் மெஷின்களில் மை மலிவு, நான்கு மடங்கு செலவானாலும் தாங்கும். ஆனால் அங்கே காகிதமும் நேரமும் செலவைக் கூட்டுகின்றன. நல்ல தரத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் ஆகிறது என்றால், 500 ப்ரோஷரின் 1,000 பக்கத்துக்கு 25 மணி நேரம். யாராவது ஒருவர் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவருடைய மற்ற வேலை அந்த நாட்களில் நிற்கும்.

மூன்றாவதாக, வாடகைக்கு எடுக்கும் பெரிய மல்டிஃபங்ஷன் மெஷின்கள். இவற்றில் பக்கத்துக்கு இவ்வளவு என்று ‘கிளிக்’ கட்டணம் பேசியிருப்பார்கள். டோனர் அவர்கள் பொறுப்பு என்பதால் அடர்த்தியான பக்கம் உங்களுக்கு லாபம்போலத் தெரியும். ஒப்பந்தத்தில் சராசரி நிறப்பரப்புக்கு மேல்வரம்பு இருக்கிறதா என்று கையெழுத்திடுமுன் வாசித்துவிடுங்கள்.

இரண்டு வழியும் சமமாகும் எண்ணிக்கை

சூத்திரம் எளிது. ஆஃப்செட்டின் தொடக்கச் செலவை, இரண்டு வழிகளிலும் ஒரு ப்ரோஷருக்கு ஆகும் விலையின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணுக்கு மேல் ஆஃப்செட் மலிவு, கீழே மற்றது மலிவு.

எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்ட எண்கள் இவை. உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. ஆஃப்செட்: தொடக்கச் செலவு 6,000 ரூபாய், பிறகு ஒரு ப்ரோஷருக்கு 3 ரூபாய்.
2. ஆபீஸ் இங்க் டேங்க்: மை, சிறப்புத் தாள், வீணாவது எல்லாம் சேர்த்து 14 ரூபாய்.
3. டிஜிட்டல் பிரஸ் கடை: 20 ரூபாய்.

ஆஃப்செட்டையும் ஆபீசையும் ஒப்பிட்டால் 6,000 வகுத்தல் 11, ஏறத்தாழ 545. ஆஃப்செட்டையும் டிஜிட்டல் கடையையும் ஒப்பிட்டால் 6,000 வகுத்தல் 17, ஏறத்தாழ 353. அதாவது முந்நூறு தேவைப்படுபவருக்கு டிஜிட்டல் கடையில் 6,000 ரூபாய், ஆபீசில் 4,200, ஆஃப்செட்டில் 6,900. ஆபீசில் மிச்சமாவது 1,800 ரூபாய். அதே வேகக் கணக்கில் 600 பக்கத்துக்கு 15 மணி நேரம் ஒருவர் பிரிண்டர் அருகில் இருக்க வேண்டும். அவருடைய சம்பளத்தைச் சேர்த்தால் அந்த 1,800 நிற்குமா என்று பாருங்கள்.

இன்னொரு தவறும் இங்கே நடக்கிறது. முந்நூறுக்கு 6,900, ஆயிரத்துக்கு 9,000 என்றதும், கூட 2,100 கொடுத்தால் எழுநூறு கூடுதலாகக் கிடைக்கிறதே என்று ஆயிரம் அடிக்கிறார்கள். அந்த எழுநூறும் கைமாறினால் நல்லது. அலமாரியில் கிடந்து எடைக்குப் போனால் கொடுத்த பணம் வீண். வகுக்க வேண்டியது விநியோகமான பிரதிகளால். அச்சிட்ட பிரதிகளால் வகுத்தால் விலை எப்போதும் அழகாகத்தான் தெரியும்.

தகவலின் ஆயுள்

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியதை நினைத்துப் பாருங்கள். ஏசி, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி, சிமென்ட் ஆகியவை 28 சதவீதத்திலிருந்து 18க்கு வந்தன. டிராக்டர் 12லிருந்து 5க்கு இறங்கியது. வரி உட்பட விலை போட்டு ஆயிரக்கணக்கில் அடித்து வைத்திருந்த தாள்கள் அன்றோடு பயனற்றுப் போயின. பொருளின் படமும் தொழில்நுட்ப விவரமும் அப்படியே சரியாக இருந்தன, விலை ஒன்றுதான் பழசாகிவிட்டது.

மனை, வீடு விற்பவர்களுக்கு இது சட்டச் சிக்கலாகவும் மாறும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டத்தைப் பதிவுக்கு முன் விளம்பரப்படுத்தக் கூடாது. விளம்பரத்திலும் விவரக் குறிப்பேட்டிலும் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் எடுப்பாக இருக்க வேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு. தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டமடைந்தவருக்கு இழப்பீடு தரச் சொல்கிறது 12ஆம் பிரிவு. பதிவு எண் கைக்கு வருமுன் ஐயாயிரம் ப்ரோஷர் அடிப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. தாளில் அச்சான சொல்லுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

ஆகவே உங்கள் ப்ரோஷரில் உள்ளதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். நிறுவனத்தின் அறிமுகம், பொருளின் படம், தொழில்நுட்ப விவரம், முகவரி ஆகியவை ஒரு வருடமாவது நிற்கும். விலை, சலுகை, டீலர் பட்டியல், விற்பனையாளரின் செல்போன் எண் ஆகியவை எப்போது வேண்டுமானாலும் மாறும்.

நான் பரிந்துரைக்கும் கலப்பு வழி

நிற்கும் பகுதியை ஆஃப்செட்டில் நல்ல ஆர்ட் பேப்பரில் அடியுங்கள். மாறும் பகுதியைத் தனிச் சீட்டாக ஆபீஸ் பிரிண்டரில் கறுப்பு மையில் அச்சிட்டு உள்ளே செருகுங்கள். விலை மாறினால் சீட்டு மட்டும் மாறும். கறுப்பு எழுத்து மட்டுமே உள்ள சீட்டு அந்த 5 சதவீதக் கணக்குக்கு அருகில் இருப்பதால் செலவும் மிகக் குறைவு.

ஆஃப்செட்டில் அடித்த ப்ரோஷரிலேயே இடம் விட்டு, பிறகு ஆபீஸ் லேசரில் விலையைப் பதிக்கலாமே என்றும் சிலர் யோசிப்பார்கள். செய்யலாம், ஆனால் கவனம் வேண்டும். அச்சகத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க நுண்ணிய தூள் தெளிப்பார்கள். அது பிரிண்டர் உருளைகளில் படியும். மை முழுதும் காயாவிட்டால் ஃப்யூசர் சூட்டில் இழுபடும். லேமினேஷன் செய்த தாளை லேசரில் கொடுக்கவே கூடாது. செருகும் சீட்டே பாதுகாப்பு.

க்யூஆர் கோடு போட்டு விலையை இணையப் பக்கத்தில் வைப்பதும் நல்ல யோசனை. அந்தக் கோடு உங்கள் சொந்த இணையதள முகவரிக்கு நேராகப் போக வேண்டும். இலவசச் சேவை வழியாகச் சுற்றிப் போகும் கோடு, அந்தச் சேவை நின்றதும் செத்துவிடும்; அச்சான ஆயிரம் தாளிலும் அதைத் திருத்த முடியாது.

தாளைக் கையில் வாங்குபவர் காணும் வேறுபாடு

ஆபீஸ் பிரிண்டர்கள் பெரும்பாலானவை தாளின் ஓரம் வரை அச்சிடாது. நாற்புறமும் சில மில்லிமீட்டர் வெள்ளை விளிம்பு நிற்கும். அச்சகத்தில் வடிவத்தை நாற்புறமும் 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டி அச்சிட்டு, பிறகு வெட்டுவார்கள். நீட்டும் அந்தப் பகுதிதான் ப்ளீட். ஆபீசில் அடிக்கப்போகிறீர்கள் என்றால் முதலிலேயே வெள்ளை ஓரத்தோடு வடிவமைத்துவிடுங்கள். ஓரம் வரை நிறம் வைத்து வடிவமைத்ததை ஆபீசில் அடித்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அடுத்தது மடிப்பு. 170 ஜிஎஸ்எம்மும் அதற்கு மேலும் உள்ள தாளை நேராக மடித்தால் மடிப்பில் நிறம் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். முதலில் க்ரீசிங், அதாவது மடிப்புக் கோட்டை அழுத்திப் பதிப்பது, பிறகு மடிப்பு. டோனர் காகிதத்தின் மேலே படிந்து நிற்பதால் இன்னும் எளிதில் உதிரும். மூன்றாக மடிக்கும் ஏ4 தாளில் உள்ளே போகும் பக்கம் சற்றுக் குறுகலாக இருக்க வேண்டும். 297 மில்லிமீட்டரை 97, 100, 100 என்று பிரித்தால் அழகாக உட்காரும். சமமாக 99 என்று பிரித்தால் உள்பக்கம் முட்டி மடங்கும்.

நிறமும் மாறும். திரை ஒளியில் தெரியும் பளிச்சென்ற நீலமும் பச்சையும் நான்கு மையில் அப்படியே வராது. ஆபீஸ் பிரிண்டரில் எடுத்துப் பார்த்த நிறத்தை ஆஃப்செட்டில் எதிர்பார்ப்பதும் சரியல்ல. இரண்டும் வெவ்வேறு மை, வெவ்வேறு காகிதம்.

தமிழ் எழுத்தில் வரும் தனிச் சிக்கல்

தமிழ் ப்ரோஷருக்கு மட்டும் உள்ள ஒரு கவலை இது. பல டிடிபி கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்கிறார்கள். அச்சில் நன்றாகவே வரும். ஆனால் அந்த எழுத்தை நகலெடுத்து இணையதளத்திலோ வாட்ஸ்அப்பிலோ ஒட்டினால் புரியாத குறிகளாகக் கொட்டும்; மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும். யூனிகோடில் கொடுத்தாலும், இன்டிசைன் போன்ற மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான கம்போசரை, அதாவது எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் ‘கொ’, ‘கோ’வில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். தமிழ் தெரியாத ஆபரேட்டருக்கு அது கண்ணில் படாது. எந்த வழியில் அச்சிட்டாலும், பிழை திருத்துவது உங்கள் ஆபீசில்தான் நடக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியே கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. காலம். சிவகாசியில் அச்சுத் தொழில் தீப்பெட்டி, பட்டாசு லேபிளில் தொடங்கி காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று வளர்ந்தது. வருடக் கடைசியில் அங்கே காலண்டர் வேலை குவியும். ஜனவரியில் கண்காட்சி என்றால் அந்த நெருக்கடிக்கு முன்பே ஃபைலைக் கொடுத்துவிடுங்கள்.

2. கூட்டு அச்சு. மிக மலிவான விலை சொன்னால், பல வாடிக்கையாளர்களின் வேலையை ஒரே ப்ளேட்டில் சேர்த்து ஓட்டுகிறார்களா என்று கேளுங்கள். சாதாரண நோட்டீசுக்கு அது போதும். பக்கத்தில் இருப்பவரின் வேலைக்காக மையைக் கூட்டினால் உங்கள் லோகோவின் நிறமும் நகரும். துணி, பெயின்ட், நகை போன்ற தொழில்களுக்கு அது ஒத்துவராது.

3. படங்கள். ஏ4 முழுப் பக்கப் படம் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் 2480×3508 பிக்சல் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில்.

4. வரி. எழுத்தும் படமும் உங்களுடையது, காகிதம் அச்சகத்துடையது என்றால், ப்ரோஷர் அச்சு ஒரு சேவை என்று 2017 அக்டோபரில் வந்த ஜிஎஸ்டி சுற்றறிக்கை 11 தெளிவுபடுத்தியது. நீங்கள் உள்ளீட்டு வரி எடுக்கும், அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் நிறுவனம் என்றால் வரி நீங்கலான விலையை வைத்து ஒப்பிடுங்கள். விற்றுமுதலில் ஒரு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் சிறு தொழில்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் அந்த வரியைத் திரும்பப் பெற முடியாது. அவருக்கு வரி சேர்ந்த தொகையே விலை.

5. திறந்த ஃபைல். பிடிஎஃப் மட்டும் வாங்கினால் அடுத்த முறை ஒரு எண்ணை மாற்றவும் அதே இடத்துக்கு ஓட வேண்டும். வடிவமைத்த மூல ஃபைல், எழுத்துருக்கள், படங்கள் மூன்றும் உங்களிடம் வர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே பேசி, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

6. ப்ரூஃப், அதாவது அச்சுக்கு முன் எடுக்கும் மாதிரித் தாள். திரையில் பார்த்துச் சரி சொல்லாமல், உண்மை அளவில் எடுத்த தாளை மடித்துப் பாருங்கள். தொலைபேசி எண்ணை அழைத்துப் பாருங்கள், க்யூஆர் கோடை இரண்டு போன்களில் சோதியுங்கள். அப்புறம் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பிரதி வந்திறங்கிய பிறகு தவறு யாருடையது, மறு அச்சுச் செலவு யார் தலையில் என்ற பேச்சு எழுந்தால், அந்தத் தாளை வைத்துத்தான் தீர்க்க முடியும்.